யானைச் சட்டையைத் திருப்பித் தாருங்கள்: கொழும்பு ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களுக்கும், தாதியர் பிரிவுக்குப் பொறுப்பான மேற்றன்மாருக்கும்,

வணக்கம். நான் 17 வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன், அதில் 11 வருடம் சிறுவர் வார்டில். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப்போவதில்லை, மற்ற இடங்களில் வேலை செய்கிற என் கூட்டாளிமாரிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள், அதனால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான்.

போன வருடம் எங்கள் வார்டில் ஒரு சின்ன முயற்சி செய்தோம். அப்போது பொறுப்பாக இருந்த சிஸ்டரின் அனுமதியோடு, எல்லோரும் காசு போட்டு, புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி வாங்கி, வெளிர் நீலத்தில் குட்டிக் குட்டி யானைகள் அச்சிட்ட சட்டை தைத்தோம். கீழே கடும் நீலக் காற்சட்டை. மூன்று மாதம் உடுத்தினோம். பிறகு ஒரு நாள் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி. படம், பூ போட்ட உடைகள் தொழில்சார் தோற்றத்துக்குப் பொருந்தாதாம், அடுத்த திங்களில் இருந்து எல்லோரும் பழையபடி வெள்ளை. எங்களைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெற்றோரிடமும் கேட்கவில்லை.

அந்தக் கடதாசியில் இருந்த 'தொழில்சார் தோற்றம்' என்ற சொல்லைப் பற்றித்தான் நான் உங்களோடு கதைக்க வேண்டும்.

டெங்குக் காலத்தில் சிறுவர் வார்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். மழை பெய்து இரண்டு மூன்று கிழமையில் கட்டில் எல்லாம் நிரம்பிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிளேட்லெட் பார்க்க, பிசிவி (இரத்தம் எவ்வளவு தடிப்பாகிவிட்டது என்ற அளவு) பார்க்க என்று ஒரே நாளில் பல தடவை இரத்தம் எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது நாடித்துடிப்பும் பிரஷரும், நோய் கடுமையாகும் நேரத்தில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளி 20க்கு இறங்கிவிட்டால் பிள்ளை ஷொக்குக்குப் போகிறது, அதாவது உடம்புக்குப் போதிய இரத்த ஓட்டம் இல்லாமல் போகிறது, அந்த நிமிடமே டொக்டரைக் கூப்பிட வேண்டும். சரி, பிள்ளை வீரிட்டுக் கத்திக் கையை உதறினால் அந்த இடைவெளியை எப்படி அளப்பது? நாடி ஏறியிருப்பது அழுகையாலா நோயாலா என்று யார் சொல்வது? சளிக்காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும், அழுகிற பிள்ளையின் மூச்சை எண்ணிச் சார்ட்டில் எழுதுகிற இலக்கத்துக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. ஆகவே பிள்ளை பயப்படாமல் இருப்பதை நாங்கள் ஒரு செல்ல விஷயமாகப் பார்க்கவில்லை. சரியான அளவு எடுக்க அது வேண்டும். என் தொழிலே அந்தச் சரியான அளவில்தான் இருக்கிறது.

வெள்ளை உடுத்தினவர் வந்தால் ஊசியும் வரும் என்பதைப் பிள்ளைகள் இரண்டு தடவையிலேயே படித்துவிடுகிறார்கள். அந்த மூன்று மாதத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஐந்து வயதுப் பையன் ஒருவன் டெங்குவோடு வந்தான். முதல் நாள் இரத்தம் எடுக்கும்போது என் சட்டையில் இருக்கும் யானைகளை எண்ணச் சொன்னேன். கொலரில் இருந்து தொடங்கினான், ஒன்பதுக்குப் பிறகு பதினொன்றுக்குத் தாவினான், அவன் திரும்ப ஒன்றில் இருந்து தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அடுத்த நாள் அடைமழை, சட்டை காயவில்லை, நான் வெள்ளையில் போனேன். அதே ஆள்தான், அதே குரல்தான், ஆனால் அவன் தாயின் பின்னால் ஒளிந்து கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் பிடித்துத்தான் ஊசி போட்டோம். எல்லாம் முடிந்து விக்கி விக்கி அழுதுகொண்டே, 'மிஸ், யானை எங்கே?' என்று கேட்டான். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு பிள்ளையை வைத்து முடிவெடுக்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள், நியாயம்தான். இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் 'மேயர்' (Meyer) என்ற பெயருள்ள சிறுவர் ஆஸ்பத்திரியில் இதை முறையாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். தாதியர் பல நிற, படம் போட்ட உடை உடுத்தியபோது பிள்ளைகளுக்கு அவர்களை அதிகம் பிடித்தது, அதோடு அந்தத் தாதியரை நம்பலாம் என்ற எண்ணம் பெற்றோருக்கும் கூடியிருந்தது. உங்கள் பயமே பெற்றோரின் நம்பிக்கை போய்விடும் என்பதுதானே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்துக்கு உதவுகிற ஆராய்ச்சியையும் நான் மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில் தாதியரின் உடைகளைப் படங்களில் காட்டி நோயாளரிடம் கேட்டபோது, வயது வந்தவர்கள் வெள்ளைக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்தார்கள், படம் போட்ட துணிக்குக் குறைவாக. அது 2008இல் வந்தது. ஆனால் சிறுவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எனவே பெரியவர்களின் வார்டுகளில் படம் போட்ட உடை வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. அங்கே ஒரே நிறத்தில், வெறும் துணியில் இருப்பதே நல்லது என்பதுதான் என் எண்ணமும்.

அப்புறம் அந்த ஹவுஸ்கோட் கதை. எங்களில் ஒருவரிடம் மேலதிகாரி ஒருவர், வீட்டில் உடுத்துகிற ஹவுஸ்கோட்டோடு டியூட்டிக்கு வந்தது போல இருக்கிறது என்று சொன்னார். கேட்டபோது மனது நொந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. எங்கள் ஊரில் பூப்போட்ட மெல்லிய பருத்தித் துணி என்றால் கண்ணுக்கு முன்னால் வருவது வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டு வாசலில் மீன்காரரோடு பேரம் பேசுகிற அம்மாவின் உடுப்புத்தான். வேறு நாட்டில் கடையில் விற்கிற பூப்போட்ட ஸ்கிரப்ஸை (ஆஸ்பத்திரி வேலை உடுப்பை) அப்படியே கொண்டுவந்து போட்டால் இங்கே அது வேறு அர்த்தம் கொடுக்கும். அதற்குத் தடை எதற்கு, துணியைச் சரியாகத் தெரிவு செய்தால் போதுமே. கனமான துணி, வடிவான வெட்டு, கொலர், பெரிய பூக்கள் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே அச்சு. நாங்கள் பூவை விட்டு யானையை எடுத்ததும் அதற்காகத்தான்.

வெள்ளைக்கும் இங்கே ஒரு அர்த்தம் இருக்கிறது. செத்த வீடு இருக்கும் தெருவில் வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள், சிங்களவர் வெள்ளை உடுத்தித்தான் அங்கே போகிறார்கள், எங்கள் ஆட்களில் வயதானவர்களுக்கு வெள்ளைச் சேலை என்றால் கைம்பெண்தான் ஞாபகம். சுத்தம் என்ற அர்த்தமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை மட்டும்தான் தாதியின் நிறம், அது ஆதியில் இருந்தே அப்படி என்று நினைப்பது பிழை. நியூயோர்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் 1870களில் முதன்முதலாக யூனிபோர்ம் கொண்டுவந்தபோது உடுத்தியது நீல வெள்ளைக் கோடு போட்ட துணி. பிரித்தானியாவில் பயிற்சித் தாதியர் எவ்வளவு காலம் கோடு போட்ட உடையில் வேலை செய்தார்கள். அந்தக் கோடும் ஓர் அச்சுத்தானே? சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் வெள்ளையை மாற்றிப் பச்சையும் நீலமும் கொண்டுவந்தவர்களும் கண் கூசாமல் வேலை பார்க்க வேண்டும் என்று வேலையை நினைத்துத்தான் மாற்றினார்கள்.

அச்சுத் துணியில் அழுக்குத் தெரியாது என்கிறீர்கள். இது எனக்கும் யோசனையான விஷயம். வெள்ளையில் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் தெரியும், காயத்துக்குப் பூசுகிற பெட்டடின் பட்டாலும் தெரியும், உடனே மாற்றலாம். யானைகளுக்கு நடுவில் அது ஒளிந்துவிடும், அதனால் துணியின் அடி நிறம் வெளிராக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் கிருமி வெள்ளையிலும் கண்ணுக்குத் தெரியாது. பிரித்தானிய சுகாதாரத் துறை 60 பாகை சூட்டில் 10 நிமிடம் கழுவினால் பெரும்பாலான கிருமிகள் போய்விடும் என்று சொல்கிறது, முழங்கைக்குக் கீழே துணியோ மணிக்கூடோ இருக்கக் கூடாது என்று 2007இலேயே அறிவித்தது. நாங்கள் என்ன செய்கிறோம்? வார்டில் உடுத்திய அதே உடுப்போடு 138 பஸ்ஸில் ஏறி, நெரிசலில் நின்று, வீட்டுக்குப் போய், வீட்டு உடுப்புகளோடு சேர்த்துப் பச்சைத் தண்ணீரில் கழுவிப் பல்கனியில் காயப்போடுகிறோம். தொற்றைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுகிறவர்கள் முதலில் இதையல்லவா பார்க்க வேண்டும்? உடுப்பு மாற்ற ஒரு பூட்டக்கூடிய அறையும், ஆஸ்பத்திரியின் லோண்டரியில் எங்கள் உடுப்பையும் கழுவித் தருகிற ஏற்பாடும் வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை இதுதான் உங்கள் பக்கத்தின் பலமான வாதம், நீங்கள் அதைச் சொல்லவேயில்லை. நோயாளிக்குத் தாதி யார் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பெரியவர்களின் வார்டில் நான் இருந்த காலத்தில் ஓர் ஐயா, தமிழ் மட்டும் தெரிந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்று தரை கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு யார் யார் என்று விளங்கவில்லை, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை. நல்ல காலம், நான் அந்தப் பக்கம் போனேன். எங்கள் பெயர் அட்டைகள் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன, கண்ணாடி போடாத மனுஷன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? அதனால்தான் ஆளுக்கு ஒரு அச்சு என்று விடக் கூடாது. ஒரு வார்டுக்கு ஓர் அச்சு, அது தாதியருக்கு மட்டும். அட்டெண்டன்டுக்கும் சுத்திகரிப்பு ஊழியருக்கும் வேறு வெறும் நிறங்கள். பெயர் அட்டையில் 'தாதி' என்ற சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டிலில் படுத்திருக்கிறவர் வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

சிறுவர் வார்டுக்கு மட்டும் ஆறு மாதம் தாருங்கள். அந்த ஆறு மாதமும் பெற்றோரிடம் மூன்று மொழியிலும் ஒரு சின்னப் படிவத்தில் கருத்துக் கேளுங்கள், ஒரு கெனுலா (நரம்பில் ஏற்றுகிற சின்னக் குழாய்) போட எத்தனை பேர் பிள்ளையைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று நாங்கள் சார்ட்டில் குறித்து வைக்கிறோம். முடிவு எங்களுக்கு எதிராக வந்தால் நானே வெள்ளையை எடுத்து உடுத்துகிறேன், மனப்பூர்வமாக. ஆனால் கேட்காமல், பார்க்காமல், ஒரு கடதாசியை ஒட்டி முடித்துவிடாதீர்கள்.

யூனிபோர்ம் பற்றிக் கூட்டம் போடும்போது வார்டில் வேலை செய்கிற தாதியர் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள், ஒருவர் நைட் டியூட்டி செய்கிறவராக இருக்கட்டும். கெய்சர் வீதிக் கடைக்காரர் அதே யானைத் துணி இன்னும் இருக்கிறது என்கிறார். விலையையும் ஒரு முழத் துணியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்களே தொட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சிறுவர் வார்டுத் தாதி ஒருத்தி,
கொழும்பு