ஒளி திரட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸில் உருவாகிவரும் மாபெரும் மகெல்லன் தொலைநோக்கியைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, தலா 8.4 மீட்டர் விட்டமுள்ள ஏழு ஆடிகள் சேர்ந்து 25.4 மீட்டர் அகலத்துக்கு ஒளி திரட்டும் என்பதை நன்றாகவே விளக்கியிருந்தது. திரட்டிய ஒளி அதன்பின் எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு விண்மீன் திரளின் தொலைவை அறிய அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தாக வேண்டும். பார்வைப் புலத்தில் நூற்றுக்கணக்கான திரள்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றின் பிம்பம் விழும் இடத்திலும் ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி நூலான ஓர் ஒளியிழையின் முனையை நிறுத்தி, அனைத்தின் ஒளியையும் ஒருசேர நிறமாலைமானிக்கு அனுப்புவதுதான் முறை. அமெரிக்காவின் ஸ்லோன் வான் ஆய்வில் இதற்காகத் துளையிட்ட அலுமினியத் தட்டுகளில் 640 இழைகளை ஊழியர்கள் கையாலேயே செருகினார்கள். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் ஒரு ரோபோ, 400 இழைகளைக் காந்தப் பொத்தான்களோடு ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. 1997 முதல் 2002 வரை 2,20,000-க்கும் மேற்பட்ட திரள்களின் நிறமாலைகள் பதிவானது அப்படித்தான்.

மகெல்லனுக்குத் திட்டமிடப்பட்டுள்ள மேனிஃபெஸ்ட் கருவியில் ‘ஸ்டார்பக்’ (விண்மீன் பூச்சி) என்னும் சிறு ரோபோக்கள் இழையைச் சுமந்து தாமே நகரும். ஒவ்வொன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த, மின்னழுத்தத்தால் வளையும் இரு பீங்கான் குழாய்கள். வெற்றிட உறிஞ்சலால் கண்ணாடித் தட்டைப் பற்றிக்கொண்டு, மின்னழுத்தம் மாறும்போது ஒரு குழாய் ஊன்றி நிற்க மற்றது மைக்ரான் கணக்கில் அடியெடுத்து வைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இவை சில மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. ஆகவே நெருங்கியிருக்கும் இரு திரள்களை ஒன்றாகப் பிடிக்க முடியாது. இவற்றைச் சோதித்த 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு மில்லிமீட்டருக்குள் வானத்தின் 67 வில்விநாடிகள் (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அடங்கிவிடும் என்பதால் அது பெரிய குறை. மகெல்லனிலோ ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரே ஒரு வில்விநாடி. அதே தடித்த பூச்சி அங்கே இடைஞ்சலாகத் தெரியாது. ஆடி பெரிதாகிக் குவியத் தூரமும் நீண்டதன் இந்தப் பயனைக் கட்டுரையாளர் தவறவிட்டது எனக்கு வருத்தமே.

காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் ஒளியிழை வழியே ஒளி பெறும் நிறமாலைமானி உண்டு. அங்கே அழைத்துச் சென்ற என் மாணவர்கள் ஆடியைத்தான் வியந்து பார்த்தார்கள். இழையைக் காட்ட எனக்கும் அன்று தோன்றவில்லை. அடுத்த கட்டுரையில், பிம்பம் விழுந்து இழைகள் நிற்கும் குவிதளத்தின் படத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருப்பத்தூர்.