வூல்விச் தீயணைப்பு நிலையத்தாருக்கும் எங்களுக்காக நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை, 2014 தை 9ஆம் திகதி, காலை ஒன்பதரை மணிக்கு, லண்டனில் சன்பரி தெருவில் இருக்கும் வூல்விச் தீயணைப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். 1887இல் கட்டிய செங்கல் கட்டடம். அன்று காலை அதன் வாசலில் நான், மகள், சக்கர நாற்காலியில் அம்மா, மூன்று பேரும் நின்றோம். அம்மாவின் மடியில் ஒரு பெரிய டப்பா நிறைய ரோல்ஸ் இருந்தது. எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய நன்றியை நிலையம் மூடுகிற நாளில் போய்ச் சொன்னோம். மகள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்தாள். அதையே நான் இங்கே தமிழிலும் எழுதுகிறேன். இந்த நகரத்தில் வாழும் எங்கள் சனம், நாங்கள் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்று அறிய வேண்டும்.

2012 கார்த்திகை. மகனுக்கு அடுத்த நாள் ஐந்தாவது பிறந்தநாள். அவனுடைய அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போய்விட்டார். நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் மகன் விழுந்து அழுகிற சத்தம் கேட்டு ஓடினேன். திரும்பி வர இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தாச்சியில் இருந்த எண்ணெய் பற்றி, மேலே இருந்த அலுமாரிக் கதவையும் நெருப்பு பிடித்துவிட்டது. தண்ணீரை ஊற்றத்தான் கை போனது. மகள் கத்தினாள்: "அம்மா, ஊத்தாதேங்கோ!" பள்ளிக்கூடத்துக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் சொல்லிக்கொடுத்ததாம். எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் நெருப்பு வீடு முழுக்கச் சிதறும். அவள்தான் என்னை வெளியே இழுத்து, குசினிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தியிருந்தபடியால்தான் மற்ற அறைகள் தப்பின என்று பிறகு சொன்னார்கள்.

முதல் நன்றி அவசர உதவி இலக்கமான 999இல் பேசிய அந்தப் பெண்ணுக்கு. பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. வீட்டு இலக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஒருதரமும் குரலை உயர்த்தவில்லை. தெருப் பெயர், எத்தனையாவது மாடி, உள்ளே யார் இருக்கிறார்கள், எல்லோரும் நடப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லிஃப்டில் ஏறாதீர்கள், படியால் இறங்குங்கள், வண்டி புறப்பட்டுவிட்டது என்றார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. குரலைக் கேட்டால் இன்றைக்கும் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

அடுத்தது மேல்மாடி நைஜீரிய அக்காவுக்கு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் இயலாது. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. இரவு உடுப்போடு ஓடிவந்த அக்கா, மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அம்மாவைத் தாங்கினார். இரண்டாம் மாடித் திருப்பம் வரைக்கும்தான் அம்மாவால் முடிந்தது. அங்கே படியில் இருந்துவிட்டார். புகை மேலே இருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நான் போனை வைத்து நாலு, ஐந்து நிமிடம் இருக்கும். சன்பரி தெருவில் இருந்து எங்கள் தொடர்மாடிக்கு நடந்தே வரலாம், அவ்வளவு கிட்ட. எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்க வாசலால்தான் வண்டி கிட்டப் போகலாம். முன்பக்கம் தூண் நட்டு மறித்திருக்கிறது. அது வெளியில் இருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நேராகப் பின்பக்கம் வந்தார்கள். இரண்டு பேர் அம்மாவை இருந்தபடியே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பேர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். சில நிமிடத்தில் பிளம்ஸ்டெட்டில் இருந்து இரண்டாவது வண்டியும் வந்து சேர்ந்தது.

நெருப்பு அணைந்த பிறகு ஒருவர் ஏதோ ஒன்றை அணைத்துப் பிடித்தபடி இறங்கி வந்தார். அப்பாவின் படம். குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம், சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அப்பா முல்லைத்தீவில் காலமானவர். எங்களிடம் இருக்கிற ஒரே படம் அதுதான். கண்ணாடியெல்லாம் கரி. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அப்பாவின் முகம் இருக்கிற இடத்தை மட்டும் துடைத்து, அம்மாவிடம் நீட்டினார். யாரும் எடுத்துவரச் சொல்லவில்லை. கட்டாயம் எடுக்க வேண்டியது அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்கள், புகை அலாம் பூட்ட. காசு இல்லை. (அப்போது அது லண்டனில் யார் கேட்டாலும் செய்த சேவை.) வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேளாமல், கனத்த சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். குத்துவிளக்கைப் பார்த்து அதன் பெயரைக் கேட்டார்கள். கொளுத்தாதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. திரைச்சீலையில் இருந்து தள்ளி, அடியில் ஒரு பெரிய தட்டம் வைத்துக் கொளுத்துங்கள், படுக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள் என்றார்கள். தட்டத்தை எங்கே வைப்பது என்று அம்மாவோடு சேர்ந்து இடம் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட ஆட்கள் இருந்த நிலையத்தைத்தான் மூடினார்கள். அன்றைக்கு ஒரே காலையில் லண்டனில் பத்து நிலையங்கள். 14 வண்டிகள், 552 வேலைகள் போயின. இரண்டு வருடத்தில் சுமார் 45 மில்லியன் பவுண் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றார்கள். அரசாங்கம் மேலிருந்து காசை வெட்டியது. மேயர் பொரிஸ் ஜோன்சன் அதை இங்கே நிறைவேற்றினார். தீயணைப்பு ஆணையத்தின் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தும், மேயர் தன் அதிகாரத்தைப் பாவித்துக் கட்டளையிட்டார்.

முதல் வண்டி சராசரி ஆறு நிமிடத்தில் வரும், இரண்டாவது எட்டு நிமிடத்தில் வரும், அந்த இலக்கு மாறாது என்று, மூடுவதைப் பற்றிய கூட்டத்தில் விளக்கினார்கள். அது லண்டன் முழுவதற்குமான சராசரி. ஒரு இடத்தில் குறைந்து இன்னொரு இடத்தில் கூடினாலும் கணக்குச் சரியாகத்தான் வரும். கூடுகிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு அதில் என்ன ஆறுதல்? இரண்டாவது வண்டி ஏன் முக்கியம் என்பதையும் அன்று படியில் நின்று பார்த்தவள் நான். ஒரு வண்டியில் வருவது நாலைந்து பேர். தண்ணீர்ப் பம்பை ஒருவர் பார்க்க வேண்டும். உள்ளே போனவர்களுக்கு எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கிறது என்று ஒருவர் வெளியே நின்று கணக்கு வைக்க வேண்டும். இரண்டு பேர் உள்ளே. அம்மாவைப் போல ஒருவரைத் தூக்க வேண்டியிருந்தால் அடுத்த வண்டி வரும்வரை கை போதாது. இதற்குள் வூல்விச்சில் பழைய ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஆர்சனல் பக்கம் ஆற்றங்கரையில் புதுத் தொடர்மாடிகள் வரிசையாக எழும்புகின்றன. சனம் கூடக் கூட நிலையத்தை மூடுவது எனக்கு விளங்கவில்லை.

இதைத் தடுக்கப் பாடுபட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஜெனரல் கோர்டன் சதுக்கத்தில் மழைக்குள் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிய தொழிற்சங்கத்தாருக்கு. ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரியாத ஆச்சிமாருக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுத்த எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு. வழக்குப் போட்ட ஏழு கவுன்சில்களுக்கு. எங்கள் கிரினிச் கவுன்சிலும் அதில் ஒன்று. மார்கழியில் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்றாலும் எங்களுக்காகப் போனார்கள். முதலில் மூடும் பட்டியலில் இருந்த கிளாப்பம், நியூ குறொஸ் நிலையங்கள் தப்பியதற்கும் இப்படி ஆட்கள் நின்றதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சில்வர்டவுன் நிலையமும் அதே காலை மூடியது. ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். 1917 தை 19ஆம் திகதி அங்கே ஒரு தொழிற்சாலையில் வெடிமருந்து வெடித்து 73 பேர் இறந்தார்கள். தீயணைப்பு நிலையம் தொழிற்சாலைக்கு எதிரிலேயே இருந்தது. அதுவும் இடிந்தது. நெருப்பை அணைக்கப் போன வீரர்கள் இரண்டு பேரும் இறந்தவர்களில் அடக்கம். வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்று நெருப்போடு மல்லுக்கட்டிய ஆட்கள். ஷெல்லுக்குள் இருந்து வந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே நாளில் கதவைச் சாத்தினார்கள்.

அன்று காலை வீரர்கள் சீருடையோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். பாதையில் நின்ற சனம் கைதட்டியது. தட்டத் தட்ட நிற்கவே இல்லை. வயதான ஒரு வீரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தவர் அம்மாவைக் கண்டதும் வரிசையை விட்டு வந்து, குனிந்து, முழங்கால் இப்போது எப்படி என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, முழங்காலை நினைவு வைத்திருந்தார். அம்மா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லா இருப்பாய் ராசா" என்றார். என்ன சொல்கிறார் என்று மகளிடம் கேட்டு, அவள் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ரோல்ஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு, தன்னைப் பிளம்ஸ்டெட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், டப்பாவைக் கழுவி வீட்டில் கொண்டுவந்து தருவேன் என்றார். வீடு தெரியும்தானே, பின்பக்க வாசல் என்றும் சொன்னார். அம்மா நேற்றே பயறு வறுத்து வைத்துவிட்டார். வருகிறவரை வெறும் டப்பாவோடு அனுப்பக் கூடாதாம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடும்பம்,
வூல்விச், தை 2014