கொலையாளியை எங்கள் பெரியவரும் கண்டுபிடிக்கட்டும்: தமிழ் சப்டைட்டில் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓடிடி தள நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் வெளியாகியிருக்கும் தமிழ்க் குற்றப் புலனாய்வுத் தொடரின் இரண்டாவது சீசன் குறித்து உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நாங்கள் எழுதியவையும் அவற்றுக்கு வந்த பதிலும் உங்களிடம் இருக்கும் என்பதால், எல்லாவற்றையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. முதல் சீசனில் இருந்த தமிழ் சப்டைட்டில் இரண்டாவதில் இல்லை. அதைத் திரும்பத் தாருங்கள் என்பதே கோரிக்கை. "ஆங்கில சப்டைட்டில் உள்ளது, அதைப் பயன்படுத்திக்கொள்ளவும்" என்று நீங்கள் அனுப்பிய பதில்தான் இதைத் திறந்த மடலாக எழுத வைத்தது.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் பெஞ்சில் அமர்ந்து, உங்கள் தொடரில் யார் யாரைக் கொன்றிருப்பார்கள் என்று விவாதிக்கும் ஒரு சிறு கூட்டம் நாங்கள். இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதன்று. 1990களில் சன் தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' என்ற மர்மத் தொடர் வாரம் ஒருமுறை வந்தபோது, குதிரையில் வருவது யார் என்று அடுத்த பகுதி வரும்வரை அலுவலகத்தில் வாதாடிக்கொண்டிருந்தவர்கள்தாம் நாங்கள். ஒரே இரவில் எல்லா எபிசோடுகளையும் பார்த்து முடிக்கும் வசதி வந்த பிறகும், கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற விதியை இன்றும் காப்பாற்றி வருகிறோம்.

எங்களில் மூத்தவருக்குக் காது மந்தம். வயதால் வரும் செவிக்குறைவில் பெரும்பாலும் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தாம் முதலில் போகும். பேச்சு காதில் விழும், ஆனால் கத்தியா பத்தியா என்று பிரித்தறிய முடியாது. காதுக் கருவி போட்டாலும், வசனத்தோடு சேர்த்துப் பின்னணி இசையையும் அது பெருக்கிவிடுகிறது. உங்கள் இசையமைப்பாளர் திறமைசாலி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் துப்பு கிடைக்கும் ஒவ்வொரு தருணத்திலும் அவர் முரசு கொட்டுவதால், பெரியவருக்கு முரசு மட்டுமே கிடைக்கிறது.

அப்படிப்பட்டவர்தாம் முதல் சீசனில் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடித்தார். நாங்கள் நடிகர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் திரையின் அடியில் ஓடிய தமிழ் வரிகளை வாசித்துக்கொண்டிருந்தார். "தொலைவில் சைக்கிள் மணி ஒலிக்கிறது" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வந்திருக்கிறது. இரண்டு எபிசோடு தள்ளி அதே வரி மறுபடியும் வந்திருக்கிறது. காது நன்றாகக் கேட்கும் நாங்கள் அந்த மணியைத் தெருச் சத்தம் என்று தள்ளிவிட்டோம். அன்றைக்குப் பூங்காவில் அவருக்கு இருந்த பெருமிதத்தைப் பார்த்திருந்தால், அந்த வரிகளைத் தட்டச்சு செய்தவரை நீங்களே தேடிப் பாராட்டியிருப்பீர்கள்.

இரண்டாவது சீசனில் நீண்ட விசாரணைக் காட்சி ஒன்று இருக்கிறது. பாதி இருட்டு, இன்ஸ்பெக்டர் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறார், சந்தேக நபர் தலையைக் குனிந்தபடியே பேசுகிறார். உதட்டசைவைப் படிக்கவும் வழியில்லை. ஆங்கில வரிகளைப் பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. கடைசியில் பேரன் கதையைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறான், கொலையாளியின் பெயரையும் சேர்த்து. இப்போது நாங்கள் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் இன்னொரு சுற்று நடக்கப் போய்விடுகிறார்.

ஐயா, அம்மா, இதில் தொழில்நுட்பச் சிக்கல் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு வசனமும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பதை ஆங்கில சப்டைட்டிலுக்காக ஏற்கெனவே குறித்துவிட்டீர்கள். வசனமோ தமிழில் எழுதப்பட்டு, தமிழில் பேசப்பட்டது. அதை அதே நேரக்குறிப்புகளில் பொருத்தி, ஒலிக்குறிப்புகளைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் டப்பிங் கூடங்கள் நிறைந்த இந்த ஊரில் அதற்கு ஆள் கிடைக்காமலா போகும்?

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் சைகை மொழியையோ சப்டைட்டிலையோ குறிப்பிட்டுச் சொல்கிறது. உங்களைப் போன்ற தளங்கள் இயன்றவரை இத்தகைய வசதிகளைச் செய்ய வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் செவிக் குறைபாடு உடையவர்களாகப் பதிவானவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம் பேர். முதுமையில் மெல்ல மெல்லக் கேட்கும் திறன் குறைந்து, அதை வெளியில் சொல்லாமல் டிவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள்?

சென்னைக்காரர் எழுதி, சென்னையில் படமெடுத்து, தமிழர் நடித்த தொடரை ஸ்பானிய மொழியிலும் அரபியிலும் வாசிக்கலாம், தமிழில் வாசிக்க முடியாது என்பதைப் பூங்காவில் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. தொடக்கப் பாடலைத் தாண்டிச் செல்லப் பொத்தான் வைத்தீர்கள். நாங்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்த எபிசோடு தானாக ஓட ஏற்பாடு செய்தீர்கள். சந்தாவை உயர்த்தியபோது அந்த அறிவிப்பை மட்டும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அனுப்பினீர்கள். ஆக, உங்கள் அலுவலகத்தில் தமிழ் தட்டச்சு தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறார் என்பது எங்களுக்கு உறுதியாகிவிட்டது.

கோபத்தில் எழுதியது போல் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். தொடர் பிடிக்காதவர்கள் இவ்வளவு நீளமாக எழுத மாட்டார்கள். இரண்டாவது சீசனின் எல்லா எபிசோடுகளுக்கும், ஒலிக்குறிப்புகளோடு கூடிய தமிழ் சப்டைட்டிலைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மூன்றாவது சீசன் வருமானால், வெளியாகும் நாளிலேயே அது இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்தால் பேரன்கள் முந்திக்கொள்வார்கள். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதையும் பதிலில் தெரிவியுங்கள். அந்தப் பதில் தமிழில் இருந்தால் பெரியவரிடம் அப்படியே படிக்கக் கொடுப்போம்.

இப்படிக்கு,
பூங்கா நண்பர்கள் சார்பில் ஒரு சந்தாதாரர்,
மயிலாப்பூர், சென்னை.