கார் சார்ஜருக்கு வேண்டியது எர்த், நியூட்ரல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் பெட்ரோல், டீசலை விட்டு மின்சாரக் காருக்கு மாறுவோர் கூடிவருகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் வீட்டில் சார்ஜ் போடும் இடத்தில் உயிரை வாங்கக்கூடிய குறுக்குவழி ஒன்று புழங்குகிறது.

காரோடு வரும் சார்ஜரை வீட்டு பவர் பிளக்கில் செருகியதும் சில வீடுகளில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. பெரும்பாலும் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வயர், இல்லாததுதான் காரணம். எர்த் இல்லாமலே ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் வருஷக்கணக்கில் ஓடியிருக்கும். கார் சார்ஜரோ எர்த்தைச் சோதித்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். உடனே பிளக்கைக் கழற்றி, நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிவிடுகிறது.

பழைய மீட்டர் பெட்டிகளில் நியூட்ரல் முறுக்குத் தளர்ந்து கருகி விட்டுப்போவது சகஜம். அப்படி விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி வழியாகவே பேஸ் (கரண்ட் வரும் வயர்) மின்சாரம் வந்து நியூட்ரலில் நிற்கும். துண்டு வயர் அதைக் கார் பாடிக்குக் கொண்டுபோகும். டயர் ரப்பர் என்பதால் கரண்ட் தரைக்கு இறங்காது, ஃபியூஸும் போகாது. வாசல் தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று கார் கதவைத் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

உங்கள் வயர்மேனிடம் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதே லைனில் அயர்ன்பாக்ஸை ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஓரிரு வோல்ட் காட்டுவது இயல்பு. லோடு ஓடும்போதும் அசையாமல் பூஜ்யத்தில் நின்றால், உள்ளே அந்தத் துண்டு வயர் இருக்கிறதா என்று, மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

எர்த் குழி போடுவதில் நம் ஊர்ப்பக்கத்துச் சிரமங்கள் தனி. மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மண்ணே கண்ணில் படாது, தரையைப் பெயர்த்துத்தான் இறக்க வேண்டும். ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் பாறை குறுக்கிடும். அங்கே ஒரு குழி போதாது, இடம் விட்டு இரண்டு குழி போட்டு இணைக்க வேண்டும். திருமங்கலத்துக் கரிசலில் மழைக்காலத்தில் அருமையாக எர்த் கிடைக்கும். சித்திரை வெயிலில் அதே மண் வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிடும். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீராவது குழியில் ஊற்றுங்கள். எர்த் டெஸ்டரில் எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும், அதையும் மே மாதத்தில் பாருங்கள். ஐப்பசியில் எடுத்த ரீடிங்கை நம்ப முடியாது.

லைனும் தனியாக வேண்டும். 15 ஆம்பியர் என்றால் சுமார் 3.4 கிலோவாட், 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஒன்பது, பத்து மணி நேரம். கீசர் சற்று நேரத்தில் அணைந்துவிடும், இது விடிய விடிய இழுக்கும். பழைய சாக்கெட்டின் பிடி தளர்ந்து சூடேறி, துளையோரம் பழுப்பேறினால் அன்றே மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஏ டைப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். அனுமதித்த லோடு போதாவிட்டால் மின்வாரியத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கார் விற்போர் வண்டியை ஒப்படைக்கும் முன் எர்த் ரீடிங்கை எழுதி, சோதித்தவர் கையெழுத்தோடு வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். லோடு கூட்டித் தரும்போது மின்வாரிய ஊழியர்கள் அந்த ஒரு பிளக்கையாவது திறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் வேலை பார்ப்போர்,
மதுரை.