நாமே பார்த்தால் யாருக்குத் தெரியும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வீடு வாங்குவோருக்காகச் சென்ற இதழில் வெளியான ஆலோசனைப் பகுதியில், தம் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவரை வங்கிகள் பணத்துக்குத் தவிப்பவராகவே எண்ணும் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. எழுதியவருக்கு அது வெறும் ஒரு வரியாக இருக்கலாம். அதே அச்சத்தால் இரண்டு ஆண்டுகள் என் ரிப்போர்ட்டைத் திறக்காமலேயே இருந்துவிட்ட என்னால் அதை அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

தாங்கள் அறியாதது அல்ல, இருப்பினும் எழுதுகிறேன். ஒருவருடைய ரிப்போர்ட்டை யார் எடுத்தாலும் அது இன்கொயரி என்று அதில் பதிவாகும் என்பது உண்மைதான். ஆனால் நாம் கடன் கேட்டு விண்ணப்பித்ததன் பேரில் எடுக்கப்படுவது ஹார்ட் இன்கொயரி; நாமே பார்ப்பதும், கிரெடிட் கார்டு விற்பவர்கள் நம்மைக் கேளாமலே சலித்துப் பார்ப்பதும், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும் சாஃப்ட் இன்கொயரி. இந்த இரண்டாவது வகை நம் கைக்கு வரும் பிரதியில் இருக்கும். கடன் கொடுப்பவருக்குப் போகும் பிரதியில் இராது. ரிப்போர்ட்டை வைத்து நமக்குப் போடப்படும் மதிப்பெண்ணான ஸ்கோரையும் அது தொடாது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது அங்கிருந்த அதிகாரி தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இன்கொயரி என்ற தலைப்பின் கீழ் 11 வரிகள். அவற்றில் ஒன்பது, அதற்கு இரண்டு மாதம் முன்பு நான் கார் வாங்கப் போன ஒரே சனிக்கிழமையின் தேதியைத் தாங்கியிருந்தன. டீலர் என் விண்ணப்பத்தை ஒன்பது இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார். கார் கடனுக்காகக் குறுகிய காலத்துக்குள் வரும் இன்கொயரிகளை, ஸ்கோரைக் கணக்கிடும் ஃபைகோ முறை புதியதானால் 45 நாட்களுக்குள், பழையதானால் 14 நாட்களுக்குள், ஒன்றாகவே கணக்கிடுவார்கள். ஆனால் ஸ்கோருக்குத்தான் அது ஒன்று. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்பதும் ஒன்பதாகவே தெரியும்.

அந்த ஒன்பது பெயர்களையும் வரிசையாக எழுதி, எதனால் புதிய கடன் ஏற்பட்டது, எதனால் ஏற்படவில்லை என்று விளக்கிக் கையொப்பமிட்டுத் தரும்படி அதிகாரி கேட்டார். எதற்காக? அந்த வரிகளில் எடுத்தவர் பெயரும் தேதியும் இருந்தனவே தவிர, கடன் கிடைத்ததா மறுக்கப்பட்டதா என்பது இல்லை. ஓரிடத்தில் மறுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று இதே பகுதி முன்பொரு முறை எழுதியபோதும் நான் தங்களுக்குக் கடிதம் எழுதினேன். அது வெளியாகவில்லை, இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். பழைய கார்டுகளையெல்லாம் மூடிவிடுங்கள் என்று அதற்கும் முன்னால் வந்த அறிவுரையைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மீதி இரண்டு வரிகளில் இருந்தவை நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள். என் பெயரில் வேறு யாரோ கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், அதுவும் 14 மாதங்களுக்கு முன்பு. ஹார்ட் இன்கொயரி 2 ஆண்டுகள் ரிப்போர்ட்டில் நிற்கும்; ஃபைகோ கணக்கில் எடுப்பது கடைசி 12 மாதங்களை மட்டுமே. ஆகவே ஸ்கோரில் அவற்றின் சுவடே இல்லை. திரையில் மட்டும் பளிச்சென்று இருந்தன. இடையில் ஒரே ஒரு முறை நான் திறந்து பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். ஆனால் தங்களைப் போன்றோர் சொல் கேட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். அவை என்னுடையவை அல்ல என்று முறையிட்டு நீக்குவதற்குள், பேசி வைத்திருந்த வட்டி விகிதத்தின் கெடு முடிந்துபோயிற்று.

உண்மையில் அஞ்ச வேண்டிய ஒன்றை அந்தப் பகுதி தொடவே இல்லை. நான் விண்ணப்பித்த மறுநாள் காலை முதல், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கடன் வேண்டுமா என்று அழைத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் என் மனைவி தொலைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார். யாருக்கு வீட்டுக் கடன் இன்கொயரி விழுந்தது என்ற தகவலை ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்களே மற்றக் கடன் கொடுப்பவர்களுக்கு விற்று வந்தன. இதற்குக் கடிவாளம் போட 2025-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நான் ஒரு மாலையில் என் ரிப்போர்ட்டைத் திறந்தால் குற்றம். அவர்கள் என் விவரத்தைக் கூவி விற்றால் வணிகம்!

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிடமிருந்தும் வாரம் ஒரு முறை இலவசமாகவே ரிப்போர்ட் பெறலாம். இப்போது ஞாயிறுதோறும் எடுத்துப் பார்க்கிறேன். என் ஸ்கோர் அதனால் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தம் ரிப்போர்ட்டைத் தாமே பார்ப்பது கடன் கொடுப்பவருக்குத் தெரியாது என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதையும் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடக் கோருகிறேன். சென்ற ஆண்டு வேறொரு திருத்தம் குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே வந்திருந்ததை என்னைத் தவிர யாரும் பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிவரும் வாசகர்