மணலில் வாரி போட்ட கதை

அன்புள்ள கலா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதென்றால் படித்து முடித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். குண்டு ராணி பேத்தி எடுத்துவிட்டாளாம், தெரியுமா?

நான் காணாமல் போனதற்குக் காரணம் 5 டெசிபெல். சிரிக்காதே. கடலடி மணலில் பட்டு எவ்வளவு ஒலி திரும்பும் என்று நான் போட்ட கணக்கைவிட, படகிலிருந்து அளந்தது அவ்வளவு குறைவு. ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான். சொரசொரப்பான பரப்பில் பட்ட ஒளி எப்படிச் சிதறும் என்பதற்கு 1760-ல் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் சொன்ன விதியையே கடலடிக்கும் போட்டு, ஒரு எண்ணைத் திருகிச் சரிக்கட்டலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் கொழுப்பு, மணலின் மேடுபள்ளத்தைப் படமெடுத்து அதிலிருந்தே கணக்குப் போடக் கிளம்பினேன்.

நாங்கள் அனுப்பியது 40 கிலோஹெர்ட்ஸ். தண்ணீரில் அதன் அலைநீளம் நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாழ்வாகச் சாய்ந்து போகிற ஒலிக்கு அதில் பாதி, அதாவது 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் மணல் வரிகள்தான் முக்கியம். அவற்றிலிருந்து திரும்புவதெல்லாம் ஒன்றுசேர்ந்து பலமாகிவிடும்.

நான் கணக்குக்கு எடுத்துக்கொண்ட படத்தை டைவர் எடுத்தது திங்கள். நாங்கள் ஒலி அனுப்பியது வெள்ளி. போன வாரம் கேமராவில் மிச்சமிருந்த வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்தேன். திங்களன்று சீப்பால் வாரியது போலிருந்த மணல் மழுங்கிக் கிடக்கிறது. நடுவில் திருக்கை படுத்து எழுந்த பள்ளம், சுற்றிலும் நண்டு கிளறிய குழிகள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இது தெரிந்த கதை. 1999-ல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் வால்டன் பீச்சுக்கு எதிரே டைவர்கள் வேண்டுமென்றே மணலில் பல்வாரி போட்டு வரி கிழித்தார்கள். எதிரொலி ஏறியது. பிறகு மீனும் மற்றதுகளும் கிளறக் கிளற இறங்கிவிட்டது. அந்தக் கட்டுரையில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் சிவப்பு மையில்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக நான் சந்தேகப்பட்டது எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய நிரலை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன், கலா. அவள் செய்யாத தப்புக்கு மன்னிப்பும் கேட்டாள். கடைசி வருஷம் லேபில் நீ நின்றாயே, அதே மாதிரி நின்றாள். அன்றைக்கு நான் உனக்காக எவ்வளவு கத்தினேன்!

லீவு முடிந்து திங்கட்கிழமை வருகிறாள். அதற்கு முன்னால் ஒரு போன் போடு.

உன்,
வசந்தி