ஹிஸ்டரியை அழித்துவிட்டாயாமே!

மயிலாப்பூர், சென்னை
ஞாயிறு

அன்புள்ள முரளி,

பொங்கலுக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை என்று நீ பழனியிடம் புலம்பியது இங்கே வரை கேட்டது. எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

கூகுளில் நாம் தேடுவதையெல்லாம் போலீஸ் உட்கார்ந்து படிக்கிறது என்று கணபதி சொன்னானாம், நீ குரோமில் ஹிஸ்டரியை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாயாம். கணபதி பேச்சைக் கேட்டு நீ செய்ததில் எது உருப்பட்டது, கோழிப்பண்ணையா? இருந்தாலும் உன் பையன் கார்த்தி கிண்டியில் கல்லூரியில் சேர வரும் நேரம். நாம் தேடுவதைப் போலீஸ் பார்க்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது, பயப்படும் இடம்தான் தப்பு.

யார் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார். நெட் கொடுக்கும் கம்பெனியிடம் நீ தேடிய சொல் கிடையாது. எச்டிடிபிஎஸ், அதாவது போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டு, உள்ள தளம் என்றால் எங்கே போனாய், எத்தனை மணிக்குப் போனாய் என்பது தெரியும். அங்கே என்ன தட்டினாய் என்பது தெரியாது. அந்தப் பதிவுக்குப் பெயர் ஐபிடிஆர். அதையும், யாருக்கு எப்போது போன் பேசினாய் என்ற சிடிஆர் பதிவையும் ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். தேடிய சொல் இருப்பது உன் கூகுள் கணக்கில், 'மை ஆக்டிவிட்டி' என்ற பக்கத்தில். குரோமில் அழித்தால் அது போகாது. இன்காக்னிட்டோவுக்குள் போய் ஜிமெயிலில் லாகின் செய்துவிட்டுத் தேடினாலும் அங்கேதான் ஏறும்.

இனி சட்டம். போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், மறுஆய்வுக் குழு வேறு. 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது ரகசியமாகக் குற்றம் துப்பறிய மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்று 2011-இல் போட்ட ஓர் உத்தரவையே ரத்து செய்தார். சந்தோஷம். ஆனால் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பதிவை வாங்க? புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 94-ஆம் பிரிவு, அதாவது பழைய சிஆர்பிசி 91. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்தில் உத்தரவு போட்டால் போதும், நீதிபதி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1-இலிருந்து மின்னணுத் தகவல்தொடர்பும், டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய சாதனங்களும் அதில் பெயர் சொல்லியே வந்துவிட்டன. நாளைக்குப் பேசப்போவதைக் கேட்கக் கோட்டையில் கையெழுத்து; மூன்று வருஷமாக நடுராத்திரியில் நீ தேடிய நோய், கடன், கோபம் எல்லாவற்றையும் கேட்க ஸ்டேஷனில் கையெழுத்து. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். தலையிடுவது தேவைக்கு மிஞ்சக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. ஸ்டேஷன் உத்தரவில் அதை யார் அளப்பது? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நம்பாதே. குற்ற விசாரணைக்கு 17-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் இதைத் திருப்பிப் போட்டும் கேட்டுவிட்டார்கள். டென்வரில் 2020-இல் ஒரு வீட்டுக்குத் தீ வைத்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த முகவரியைத் தேடியவர்கள் யார் யார் என்று போலீஸ் கூகுளுக்கு வாரண்ட் கொடுத்தது. வாரண்டில் குறை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் போலீஸ் நல்லெண்ணத்தில் செய்தது, சாட்சியம் செல்லும் என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. ஆளைப் பிடித்துவிட்டுத் தேடலைப் பார்ப்பது ஒன்று, தேடலை வைத்து ஆளைப் பிடிப்பது வேறொன்று, முரளி.

சட்டம் அப்படி என்றாலும், நடைமுறையில் நம் ஊர் நோட்டீஸுக்கு கூகுளிடமிருந்து பெரும்பாலும் வருவது பெயர், ரெக்கவரி நம்பர், லாகின் செய்த நெட் முகவரியான ஐபி அவ்வளவுதான். உள்ளடக்கத்துக்கு அமெரிக்காவோடு உள்ள எம்லாட் என்ற பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் வழியாகப் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். ஐபியை வைத்து ஆளைப் பிடிப்பதில்தான் கோளாறு வரும். மொபைல் நெட்டில் ஒரே ஐபியை ஒரே நேரத்தில் பலர் பகிர்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் நம்பரும் நொடி சுத்தமான நேரமும் இல்லாமல் யாரென்று சொல்ல முடியாது. கூகுள் கொடுப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம், அதோடு ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். கூட்ட மறந்தால், ராத்திரி பதினொன்றரைக்குத் தேடியவனுக்குப் பதில் மாலை ஆறு மணிக்கு அந்த ஐபியில் இருந்த எவனோ வந்து நிற்பான்.

இவ்வளவு சுற்றுவதைவிடக் குறுக்குவழி, போனையே திறந்து பார்ப்பது. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் நடுரோட்டில் ஆட்களை நிறுத்தி வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று தட்டிப் பார்த்தார்களே, அந்த வீடியோவைப் பார்த்தாயா? கார்த்தியிடம் நீ சொல்ல வேண்டியது இதைத்தான். வண்டிச் சோதனையில் லைசென்ஸ், ஆர்சி கேட்டால் காட்டட்டும். போனைத் திற என்றால் மரியாதையாக, "சார், எழுத்தில் உத்தரவு கொடுங்க" என்று கேட்கட்டும். அவனே திறந்து நீட்டினால், தானாகக் கொடுத்தான் என்று எழுதிக்கொள்வார்கள். அதற்காகக் கத்தவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். வழக்கில் போனைக் கைப்பற்றினால் மகஜரில் மாடல், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ, சிம் நம்பர், உள்ளே இருப்பதைப் பிறகு மாற்றினால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் மதிப்பு நான்கும் எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். ஐஎம்இஐ இப்போதே *#06# அடித்து உன் டைரியில் குறித்து வை. கைப்பற்றுவதை வீடியோ எடுப்பது பிஎன்எஸ்எஸ் 105-படி அவர்கள் கடமை. போனைத் திரும்ப வாங்க 503-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் வைக்கச் சொல். விரல் ரேகை கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றத்தில் பதினோரு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். பாஸ்வேர்டு அப்படி இல்லை. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கேட்கலாம் என்றது, அடுத்த வருஷம் டெல்லியில் சிபிஐ நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது. வாதாட இடம் இருக்கிறது.

கூகுள் கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி', அதில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி', அதில் 'ஆட்டோ டிலீட்' என்று போய் மூன்று மாதம் என்று வை. புதுக் கணக்கில் தானாக இருப்பது பதினெட்டு மாதம். யூடியூப் ஹிஸ்டரி தனி, அதையும் பார். ஒன்று மட்டும் மறக்காதே: நோட்டீஸ் வந்த பிறகு எதையும் அழிக்கக் கூடாது, அது புதுத் தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 241-இல் தனிக் குற்றம். வராத வரை பழக்கமாக அழிவதை யாரும் குறை சொல்ல முடியாது.

பாண்டியனில் டிக்கெட் உறுதியானதும் கோச் நம்பரைச் சொல், எழும்பூருக்கு நானே வருகிறேன். கார்த்தியின் போனை அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். கணபதியைக் கூட்டி வராதே.

அன்புடன்,
ராமு